செத்த காலேஜுக்குப் போன பொங்கல் சீர்

ஜெயம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆண். பெண் இல்லை. திருத்தணி மலைக்குக் கிழக்கே, திருவாலங்காட்டுக்குப் போகும் பாதையில் இருக்கும் அவர்கள் ஊரில் இதை ஒரு குறை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் மார்கழி முடியப்போகிறது என்றால் ஊரே சீர் வைக்கக் கிளம்பிவிடும். கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வளையல், வேரும் தோகையுமாக ஒரு ஜோடிக் கரும்பு என்று வண்டி வண்டியாகப் போகும். அந்த வாரம் முழுக்க ஜெயம்மா கொல்லையில் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோலப் பின்பக்கமே இருந்துகொள்வாள்.

அவளுடைய ஓரகத்தி கௌரியம்மாளுக்கு மூன்று பெண்கள். மூன்று சீர் வைத்துத் தன் முதுகெலும்பு முறிந்துவிட்டதாக அவள் வருஷா வருஷம் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பைக் கேட்கத் தெரு முழுக்க ஆள் வேண்டும் அவளுக்கு.

"உனக்கு இன்னாடி, உன்னுது வாங்கற கை. குடுக்கற கை எங்களுக்குத்தான்" என்பாள்.

இந்த வருஷம் அந்தக் கதை மாறிவிட்டது. ஜெயம்மாவுக்கும் ஒரு பெண் கிடைத்துவிட்டாள். அதுவும் பட்டணத்தில் இருந்தாள்.

கிடைத்தது இப்படித்தான். போன சித்திரையில் கழனி மூலையில் எருக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கணவன் ஆறுமுகம் வெற்றிலை போட உட்கார்ந்த நேரத்தில் ஜெயம்மா மண்வெட்டியை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டாள். டங் என்றது. கல் என்று நினைத்து இன்னொரு போடு போட்டாள். அதுவும் டங். குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தால், உள்ளேயிருந்து ஒரு முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது.

செம்பு அம்மன். நடக்கப் பழகும் குழந்தையின் உயரம். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, வலது கையில் பூ வைத்திருப்பதுபோல விரல்களைக் குவித்து நின்றாள். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அந்த வலது கை மணிக்கட்டில் மட்டும் மண்வெட்டி பட்ட இடம் புதுத் தங்கமாக மின்னியது.

"ஐயோ, புள்ள கையை வெட்டிட்டேனே" என்று ஜெயம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மன் ஒரு வாரம் அவர்கள் மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். ஜெயம்மா தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தன் சிவப்புச் சேலையின் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டாள். வெட்டுப்பட்ட மணிக்கட்டுக்கு வளையல் போட்டு மறைக்க வேண்டும் என்று ஒரு நூலால் அளவும் எடுத்து வைத்தாள். வளையல் வாங்குவதற்குள் தாலுகா கச்சேரியிலிருந்து வண்டி வந்துவிட்டது. பூமிக்குள்ளிருந்து வந்தது சர்க்கார் சொத்தாம். வைக்கோல் பரப்பி, அதன்மேல் அம்மனைப் படுக்கவைத்து, பட்டணத்துக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜெயம்மா வண்டிக்குப் பின்னாலேயே ஏரிக்கரை வரைக்கும் அழுதுகொண்டு போனாள்.

"இன்னாடி இது, கட்டிக்குடுத்த பொண்ணு போற மாதிரி அழுவுற? பொங்கலுக்கு சீர் எடுத்துகினு போ, போ" என்றாள் கௌரியம்மாள்.

தெருவே சிரித்தது. ஜெயம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆங், போவேன்" என்றாள்.

"அண்ணி வெளையாட்டுக்குச் சொன்னாங்கமே" என்றான் ஆறுமுகம் அன்று சாயங்காலம்.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நூல் எட்டு மாதம் அவள் சுருக்குப்பையிலேயே இருந்தது. அந்தக் கைக்கு வளையல் போட்டுவிட்டு வந்தால்தான் இந்தத் தைப்பொங்கலுக்குத் தன் வீட்டு அடுப்பில் பானை ஏறும் என்று மலையைப் பார்த்துச் சத்தியமும் செய்துவிட்டாள். மலைமேல் இருக்கும் முருகனும் கேட்டிருப்பான்.

ஜெயம்மாவின் தம்பி தேசப்பன் திருத்தணியில் லாரி ஓட்டுகிறவன். பொங்கலுக்கு முன்னால் பட்டணத்துக்குக் கரும்பு ஏற்றிப் போவான். அவனுக்குத்தான் சிலைகள் போய்ச்சேரும் இடம் தெரிந்திருந்தது.

"சாமி சிலையெல்லாம் செத்த காலேஜ்லதான்கா வெச்சிருப்பாங்க."

ஜெயம்மாவுக்குப் பகீர் என்றது. "எம் பொண்ணு உசுரோடதானேடா போனா?"

பட்டணத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகங்களை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு உயிர் காலேஜ் என்றும் பேர். அதை அக்காவுக்குப் புரியவைக்க அவனுக்கு அரைநாள் ஆயிற்று. புரிந்த பிறகும் அவள் சமாதானம் ஆகவில்லை.

"ரெண்டு எடம் கீது, இல்ல? உயிர் காலேஜ்ல வெச்சா இன்னாவாம்?"

"புலி கடிச்சிடும்கா."

"அவ புலிமேலேயே ஏறிக் குந்தறவடா."

அந்த மார்கழிக் கடைசியில் ஒரு நாள், பொழுது விடியும் நேரத்தில், திருத்தணிக் குளத்தங்கரையிலிருந்து தேசப்பனின் லாரி கிளம்பியது. கரும்புக் கட்டுகளுக்கு மேலே ஜெயம்மா, அவள் மடியில் மூங்கில் தட்டு. அதில் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு முழம் சிவப்புத் துணி, நூல் அளவுக்குச் சரியாக மலையடிக் கடையில் தேடி எடுத்த குழந்தை வளையல்கள். பக்கத்தில் கௌரியம்மாள்.

கௌரியம்மாளை யாரும் கூப்பிடவில்லை. "மூணு சீர் வெச்சவ நான். நீ பாட்டுக்கு முறை தெரியாம எதாவது பண்ணிட்டு வந்தா நம்ம வீட்டு மானம்தானே போவும்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். உண்மையில் அவள் இதுவரை அரக்கோணத்தைத் தாண்டியதில்லை.

உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெட்ரோல் சுலபத்தில் கிடைக்காத காலம். தேசப்பனின் லாரி கரியில் ஓடியது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம். அதில் கரியைப் போட்டு மூட்டி, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிக் காற்று கொடுத்தால் புகை கிளம்பி எஞ்சினுக்குப் போகும். லாரிக்கு மூச்சு வரும். மூச்சு எப்போது நிற்கும் என்பது லாரிக்கே தெரியாது. கைப்பிடி சுற்றும் வேலை ஆறுமுகத்துக்கு.

"பாவா, நல்லா சுத்து. மாப்பிள்ளை வீட்டுக்குப் போற வண்டி. பாதி வழியில குந்திகிச்சினா அசிங்கம்" என்று முன்னாலிருந்து தேசப்பன் அக்கா புருஷனைப் பார்த்துக் கத்துவான்.

"இவ்ளோ சுத்துனா கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டி ரெண்டு காணி பாய்ச்சியிருப்பேன்டா" என்பான் ஆறுமுகம்.

மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். மேடு முடிந்ததும் லாரி நிற்காது. நின்றால் மறுபடி கிளம்பாது. ஓடிப்போய்த்தான் தொற்றிக்கொள்ள வேண்டும். முதல் மேட்டில் கௌரியம்மாள், "இதுக்கு நான் நடந்தே வந்திருப்பேன்" என்று வைதாள். இரண்டாவது மேட்டில், ஓடுகிற லாரியின் கயிற்றைப் பிடித்துத் தாவி ஏறினாள். மூன்றாவது மேட்டில், மற்றவர்களுக்கு முன்னால் குதித்து இறங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "தள்ளுங்கடி" என்று அதிகாரம் செய்தாள். தள்ளுவதற்கு அங்கே ஜெயம்மா ஒருத்திதான் இருந்தாள்.

திருவள்ளூர் தாண்டியதும் வெயில் ஏறியது. இரண்டு பெண்களும் கரும்புக்கு மேலே மல்லாந்து படுத்து ஒரு கரும்பை உடைத்துக் கடித்தார்கள். மரக்கிளைகள் முகத்துக்கு நேரே வந்து வந்து விலகின. ஒவ்வொரு கிளைக்கும் கௌரியம்மாள் கண்ணை மூடி "முருகா" என்றாள், ஜெயம்மா சிரித்தாள். சிரிப்பு எதற்கென்று இல்லை. பூந்தமல்லி வரும்போது சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது.

கொத்தவால் சாவடியில் கரும்பை இறக்கினார்கள். சீருக்கென்று வேரும் தோகையுமாக ஒரு ஜோடியை ஜெயம்மா யாரையும் தொடவிடாமல் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து எழும்பூர். செக்கச்செவேல் என்று கோட்டை மாதிரி நின்ற கட்டடத்துக்கு எதிரே லாரியை மரத்தடியில் நிறுத்திவிட்டு நாலு பேரும் இறங்கினார்கள். அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாலு முகமும் கரி.

"சம்பந்தி வீட்டுக்கு இந்த மூஞ்சியோடவா?" என்றாள் கௌரியம்மாள். குழாயடியில் முகம் கழுவினார்கள். கழுவியதில் கரி கழுத்துக்கு இறங்கியது.

வாசலில் காக்கி உடுப்புப் போட்ட காவலாள் இருந்தார். பேர் ஜெகநாதன். மீசையும் தொப்பையுமாக, நாள் முழுக்க "தொடாதே, துப்பாதே" என்று சொல்லியே அலுத்துப்போனவர். தட்டு, பானை, இரண்டு ஆள் உயரக் கரும்பு ஆகியவற்றோடு ஒரு ஊர்வலம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். ஆறுமுகம் கோயிலில் கழற்றுவதுபோலச் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் விட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"கரும்பெல்லாம் உள்ள எடுத்துகினு போவக்கூடாது. உள்ள திங்கக் கூடாது."

"திங்கறதுக்கு இல்லீங்க, சீருக்கு" என்றாள் ஜெயம்மா.

"யாருக்குச் சீரு?"

"எம் பொண்ணுக்கு."

"உம் பொண்ணு இங்க வேலை செய்யுதா?"

"இல்லீங்க. நிக்குது."

ஜெகநாதன் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தேசப்பன் முன்னால் வந்து எருக்குழியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அவர் மீசைக்குக் கீழே என்னவோ அசைந்தது. சிரிப்பதா, விரட்டுவதா என்று முடிவெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தட்டு போவலாம். கரும்பு போவக்கூடாது. வேணும்னா ரெண்டா வெட்டிப் பையில போட்டுக்கோ."

"சீர்க் கரும்பை வெட்டுவாங்களா?" என்று கௌரியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "நீங்க பொண்ணு பெத்தவர் இல்லையா? இந்த வார்த்தைய வாயால சொல்லலாமா?"

ஜெகநாதனுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டினார். வலது கையில் ஒரு கரும்பு, இடது கையில் ஒரு கரும்பு. கல்யாண வீட்டு வாசலில் வாழை கட்டியதுபோல அவர் நின்றார். அவர்கள் உள்ளே போகும்போதே வெளியே யாரோ, "கரும்பு ஜோடி இன்னா விலை?" என்று அவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

உள்ளே போனால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பஞ்சு அடைத்த புலி ஒன்று பாய்வதற்குத் தயாராக நின்றது. கௌரியம்மாள் அதைப் பார்த்ததும் ஆறுமுகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். கண்ணாடிப் பெட்டி என்று தெரிந்ததும் திரும்பி வந்து அதற்குப் பழிப்புக் காட்டினாள். கூரையிலிருந்து தொங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே தேசப்பன் அவர்களை நிறுத்தினான். அவன் ஒரு தடவை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். அதனால் ஏதோ தானே பிடித்து வந்ததுபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டான்.

"மீனுக்கா."

ஜெயம்மா அண்ணாந்து பார்த்தாள். கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் வளைத்தமாதிரி விலா எலும்புகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருந்தன.

"இத்த அறுக்க எந்த அருவாமனை போதும்?" என்றாள் கௌரியம்மாள்.

"கொழம்பு நம்ம ஏரியிலதான் வெக்கணும் அண்ணி. ஏரிய சுட வெக்கணும்" என்றான் ஆறுமுகம். சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டான். அந்தப் பெரிய கூடத்தில் அவன் சிரிப்பு எதிரொலித்தது. அது கேட்டுத் தேசப்பனும் ஒரு தடவை சிரித்துப் பார்த்தான். பிறகு நாலு பேரும் சிரித்துப் பார்த்தார்கள். தூரத்தில் ஒரு காவலாள் திரும்பியதும் நடையைக் கட்டினார்கள்.

தேசப்பனுக்கு இன்னும் வாள், ஈட்டி, பீரங்கி எல்லாம் காட்ட ஆசை. ஆனால் ஜெயம்மாவுக்கு அதற்குமேல் பொறுமையில்லை. "பொண்ணப் பார்த்துட்டு மீதியப் பார்க்கலாம்டா. வெறுங்கையோட நின்னா பொண்ணு இன்னா நெனைப்பா" என்று தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

செம்புச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் நுழைந்ததும் அவளுடைய கால் நின்றுவிட்டது. எங்கே பார்த்தாலும் அம்மன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக, எல்லாரும் இடுப்பை ஒடித்து, எல்லாரும் விரலைக் குவித்து, எல்லாரும் சிரித்துக்கொண்டு. மலைமேல் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி அவள் ஒவ்வொரு பெட்டியாக ஓடினாள். வலது மணிக்கட்டு. இல்லை. அடுத்தது. வலது மணிக்கட்டு. இல்லை.

ஆறுமுகத்துக்கு அந்தக் கவலை ஒன்றும் தட்டவில்லை. அவன் ஒரு காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்த சிவனுக்கு முன்னால் கை கட்டி நின்றான். அவர்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டுச் சாமியும் ஆடுகிற சாமிதான். மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு, "அண்ணி, நம்ம மாப்பிள்ளை" என்றான்.

கௌரியம்மாள் வந்து பார்த்தாள். "ஆள் லட்சணம்தான். பாம்பைத்தான் எடுத்து வெளிய போடச் சொல்லணும்."

ஜெயம்மா கடைசிப் பெட்டிக்கு வந்துவிட்டாள். அதிலும் இல்லை. அவள் சட்டென்று திரும்பியதில் தட்டில் இருந்த வளையல்கள் கலகலத்தன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

"கீறாளா?" என்றான் தேசப்பன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சத்தியம் செய்த பானை வீட்டில் கவிழ்த்தே இருக்கப்போகிறது. அதுகூடப் பெரிதில்லை. வெட்டுப்பட்ட கையோடு பெண் எங்கே போனாள்?

கௌரியம்மாள் ஏதாவது குத்திப் பேசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ ஜெயம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா, அந்தக் கரும்புக்காரரைக் கேப்போம். கட்டிக் குடுத்த எடத்துல பொண்ண காணோம்னா சும்மா வுட்டுடறதா?"

ஜெகநாதன் இன்னும் இரண்டு கரும்போடுதான் நின்றார். அதற்குள் ஆளாளுக்கு விலை கேட்டதில் அவருக்கு மீசை துடித்தது. விஷயத்தைக் கேட்டதும், "எப்போ வந்தது?" என்றார். சித்திரை என்றாள் ஜெயம்மா.

"புதுசா வந்ததெல்லாம் ஒடனே முன்னால வெக்கமாட்டாங்கம்மா. களிம்பு இருந்தா பின்கட்டுல மருந்து போட்டுகினு இருப்பாங்க."

"மருந்தா?" ஜெயம்மா அவர் கையிலிருந்த கரும்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்பு சரியில்லாத பொண்ணுக்கு, ஆத்தா வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பக் கூடாதா?"

ஆறுமுகத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "பொண்டாட்டி பின்கட்டுல படுத்துக் கெடக்கறா. அவரு இங்க கூடத்துல காலைத் தூக்கிகினு ஆடறாரு. நல்ல மாப்பிள்ளை."

ஜெகநாதனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். வாசலை இன்னொரு காவலாளிடம் ஒப்படைத்துவிட்டு, "வாங்க. சத்தம் போடாம வரணும்" என்று கரும்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். இப்போது சீர் ஊர்வலம் சரியாக இருந்தது. முன்னால் கரும்பு, பின்னால் தட்டு. தேசப்பன் வாயாலேயே மெதுவாக மேளம் வாசித்தான். ஜெகநாதன் திரும்பிப் பார்த்தபோது நிறுத்தினான். திரும்பிக்கொண்டதும் மறுபடி வாசித்தான்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. காரமான ஒரு நெடி மூக்கில் ஏறியது. உள்ளே பங்காரு என்ற வயதான வேலையாள் ரப்பர் உறை போட்ட கையோடு ஒரு பீங்கான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் கலங்கிய தண்ணீர். அதற்குள் ஒரு அம்மன் படுத்திருந்தாள். துணியில்லை. பங்காரு அவள் தோளைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி வாசலை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"குளிச்சிகினு கீறா. ஆம்பளைங்க வெளிய போங்க."

ஆறுமுகமும் தேசப்பனும் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜெகநாதனும் ஏன் என்று தெரியாமலே கரும்போடு வெளியே ஓடிச் சுவரைப் பார்த்து நின்றார். பங்காரு மட்டும் எழவில்லை.

"நீங்களுந்தான் பெரியவரே" என்றாள் கௌரியம்மாள்.

"நான்தாம்மா குளிப்பாட்றேன்."

"இவ்ளோ நாள் குளிப்பாட்டுனது போதும். அவ ஆத்தா வந்துட்டா. எழுந்திருங்க."

"தண்ணியில கை வெச்சா கை வெந்துடும்மா. மருந்து. நான்தான் எடுக்கணும்."

அங்கே கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் கௌரியம்மாள் சீர்த் தட்டிலிருந்த சிவப்புத் துணியை உதறித் திரைபோலப் பிடித்தாள். பங்காரு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தொட்டிக்குள் கையை மட்டும் விட்டு அம்மனைத் தூக்கினார். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மேஜைமேல் நிறுத்தினார். இத்தனை வருஷ வேலையில் எந்தச் சிலையையும் அவர் இப்படிப் பார்க்காமல் தூக்கியதில்லை. ஜெயம்மா துணியைச் சுற்றி இடுப்பில் முடிச்சுப் போட்டாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

பச்சை நிறம் போயிருந்தது. மூக்கு கூர்மையாக, கன்னம் பளபளவென்று, காதில் தோடுகூட இப்போதுதான் தெரிந்தது. வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"இவதானா?" என்றாள் கௌரியம்மாள் மெதுவாக.

ஜெயம்மா கண்ணை நம்பாமல் விரலால் அம்மனின் வலது கையைத் தடவினாள். முழங்கை, அதற்குக் கீழே, மணிக்கட்டு. விரல் ஒரு இடத்தில் இடறியது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கு ஒட்டியே இன்னொன்று.

"எம் மண்வெட்டி" என்றாள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக, "எம் மண்வெட்டிதான். ரெண்டு போடு போட்டேன். ரெண்டும் கீது" என்றாள்.

ஆண்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஜெயம்மா சுருக்குப்பையிலிருந்த நூலை எடுத்து மணிக்கட்டில் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். சரியாக இருந்தது. குவிந்த விரல்களைத் தாண்டி வளையல் இறங்குமா என்பதுதான் பயம். முதல் வளையல் கட்டைவிரல் மேட்டில் மாட்டிக்கொண்டது. கௌரியம்மாள் வெல்லத்தை ஈரக்கையால் தேய்த்து அந்த மேட்டில் ஒரு பூச்சு பூசினாள். மூன்று பெண்களுக்கு வளையல் போட்ட கை. ஒரு திருப்பு, ஒரு அழுத்து. வளையல் இறங்கி வெட்டுத்தழும்பின்மேல் போய் உட்கார்ந்தது. மற்ற வளையல்களும் பின்னாலேயே இறங்கின.

"கைய அசைச்சா சத்தம் வரும்" என்றாள் ஜெயம்மா, எல்லோரையும் திரும்பிப் பார்த்து.

பங்காரு கொஞ்சம் தயங்கினார். "பெரியவங்க பார்த்தா கழட்டச் சொல்வாங்கம்மா. மருந்துல போடவும் கழட்டித்தான் ஆவணும். கழட்டி அந்த ஜன்னல்ல வெக்கறேன்."

"கழட்டிக்கோங்க. நான் போட்டதை அவ பார்த்துட்டா."

"ஒடம்புக்கு இன்னாங்க?" என்று ஆறுமுகம் மருத்துவரிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"செம்புக்கு வர சீக்குதான். வுட்டா அரிச்சிகினே போவும். இப்போ தேவலை. சீக்கிரம் முன்னால கொண்டாந்து வெச்சிடுவாங்க."

"மாப்பிள்ளைக்குப் பக்கத்துல வெக்கச் சொல்லுங்க. அந்த ஆளை யாராவது கவனிச்சிக்கணும்."

பானையும் மஞ்சளும் அரிசியும் வெல்லமும் பங்காருவுக்கு என்று ஆயிற்று. பொங்கி, அம்மனுக்குக் காட்டிவிட்டு அவர் சாப்பிட வேண்டும். கரும்பில் ஒன்று பங்காருவுக்கு, ஒன்று ஜெகநாதனுக்கு. விலை கேட்டவர்களையெல்லாம் விரட்டிய கரும்பு கடைசியில் தனக்கே வந்ததில் ஜெகநாதனுக்குச் சந்தோஷம். எல்லாம் முடிந்து ஜெயம்மா வெறும் தட்டைக் கையில் எடுத்தாள்.

"நில்லுடி" என்றாள் கௌரியம்மாள். பிறகு பங்காருவின் பக்கம் திரும்பினாள். "சீர் வந்த தட்ட வெறுமையா திருப்பி அனுப்பற வூடு எங்கயாவது கீதா?"

பங்காரு திகைத்துப்போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷ், பஞ்சு, மருந்து பாட்டில். கையில் ஏறும் மருந்து நெடி போகத் தேய்த்துக் கழுவ ஜன்னல் ஓரத்தில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"ஒண்ணா?" என்றாள் கௌரியம்மாள்.

இன்னொன்றையும் வைத்தார்.

திரும்பும்போது லாரி காலியாக இருந்ததால் சிட்டாகப் பறந்தது. கரி லாரி எவ்வளவு பறக்குமோ அவ்வளவு. உயிர் காலேஜைப் பார்க்க முடியவில்லையே என்று தேசப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம். "அடுத்த வருஷம் சீருக்கு வரும்போது பார்த்துக்கலாம்டா" என்று அவனுக்குச் சமாதானம் சொன்னதும் கௌரியம்மாள்தான். திருவள்ளூரில் டீக்கடை ஓரமாக நிறுத்தி டிரம்மில் கரி போட்டார்கள். கடைக்காரர் இரண்டு பெண்களையும் பார்த்து, "எங்கம்மா போயிட்டு வரீங்க?" என்றார்.

ஜெயம்மா வாயைத் திறப்பதற்குள் கௌரியம்மாள், "பட்டணத்துல எங்க பொண்ணு கீறா. பொங்கல் சீர் வெச்சிட்டு வரோம்" என்றாள்.

"மாப்பிள்ளை இன்னா பண்றாரு?"

ஆறுமுகம் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆடறாரு" என்றான்.

கடைக்காரர் பாவம் என்பதுபோல ஜெயம்மாவைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. லாரி கிளம்பிய பிறகுதான் சிரிப்பு வெடித்தது. ஆறுமுகம் கைப்பிடியைச் சுற்ற முடியாமல் சிரித்ததில் லாரி இரண்டு தடவை இருமி நின்றது.

பொழுது சாயும்போது தூரத்தில் திருத்தணி மலை தெரிந்தது. உச்சியில் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாதையில் வருகிறவர்கள் மலையைக் கண்டதும் "அரோகரா" என்று கை கூப்பாமல் இருக்கமாட்டார்கள். ஆறுமுகம் கும்பிட்டான். கௌரியம்மாளும் கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. அவள் எதையோ கணக்குப் போடுவதுபோல மலையைப் பார்த்தாள், ஜெயம்மாவைப் பார்த்தாள்.

"ஏண்டி, முருகன் அவ புள்ளதானே?"

"ஆங்."

"அவ உம் பொண்ணுன்னா, மலைமேல கீறவன் உனக்கு இன்னா முறை ஆவுது?"

ஜெயம்மா எலுமிச்சம்பழத்தட்டை ஓரகத்தியின் மடியில் வைத்தாள். குலுங்கும் லாரியில் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்று, மலைக்கு எதிரே இரண்டு கையையும் நீட்டி, அந்த விளக்கு முகத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்து, பத்து விரலும் படபடவென்று நெட்டி முறியத் திருஷ்டி கழித்தாள்.